கேமராவை சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் முன்

போன வருடம் என் கேமராவைச் சும்மா திறந்து பார்த்ததற்கு 590 ரூபாய் கட்டினேன். பரிசோதனைக் கட்டணம் 500, மீதி 18 சதவீத ஜிஎஸ்டி. படம் மங்கலாக வருகிறது என்று திண்டுக்கல்லில் இருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போய்க் கொடுத்தேன். அங்கிருந்து அது சென்னைக்குப் போய், பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே ஒரு தாள்: "கோளாறு எதுவும் இல்லை." கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் ஓரத்தில் இருக்கும் குட்டிச் சக்கரம் பைக்குள் உரசித் திரும்பியிருக்கிறது. அதைத் திருப்பி வைத்தால் தீர்ந்திருக்கும். அந்தப் பதினோரு நாளுக்குள் அக்கா மகளின் காதணி விழாவும் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கையேட்டைப் படித்தேன். புதிதாகக் கேமரா வாங்கியவர்கள், செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள், வெளிநாட்டில் இருந்து சித்தப்பா கொண்டுவந்ததைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும். லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய சாதாரண டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். கீழே உள்ள வரிசையில் செலவில்லாத சோதனைகள் முதலில் வருகின்றன. ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

1. பில், சீரியல் எண், கையேடு

கேமரா நன்றாக இருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது. கேமராவின் அடிப்பக்கத்தில் சீரியல் எண் அச்சடித்திருக்கும். சில மாடல்களில் திரையை விரித்தால் அதன் பின்னால் இருக்கும். அந்த எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். கடைக்காரர் அவசரத்தில் பக்கத்துப் பெட்டியின் எண்ணை எழுதிக் கொடுத்துவிடுவது நடக்கிற காரியம். வாரண்டி கேட்டுப் போகும்போதுதான் அது தெரியவரும். லென்ஸுக்கும் தனி சீரியல் எண் உண்டு, அதையும் பாருங்கள்.

ஜிஎஸ்டி பில், வாரண்டி கார்டு இரண்டையும் போனில் படம் எடுத்து உங்களுக்கே மெயிலில் அனுப்பி வையுங்கள். பில் காகிதத்தின் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். "பில் இல்லாமல் எடுத்தால் நாலாயிரம் குறைச்சுத் தரேன்" என்றால், அந்த நாலாயிரத்துக்கு வாரண்டியை விற்கிறீர்கள் என்று அர்த்தம். பழைய கேமரா வாங்குகிறவர்கள் முதல் பில்லின் நகலையாவது கேட்டு வாங்குங்கள். திருட்டுப் பொருள் இல்லை என்பதற்கு அதுதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி.

கையேடு தொலைந்துபோனால் கவலை வேண்டாம். தயாரிப்பாளரின் இணையதளத்தில் மாடல் பெயரைக் கொடுத்தால் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கும். அதன் கடைசிப் பகுதியில் கோளாறுகளுக்கென்று ஒரு பட்டியல் இருக்கும். திரையில் வரும் ஒவ்வொரு எரர் எண்ணுக்கும் அங்கே பொருள் போட்டிருப்பார்கள்.

2. கேமரா உயிர்பெறவே இல்லை என்றால்

பேட்டரியைக் கழற்றி, உலர்ந்த பருத்தித் துணியால் அதன் உலோக முனைகளைத் துடைத்து, 'க்ளிக்' என்று கொக்கி பிடிக்கும்வரை உள்ளே தள்ளுங்கள். பேட்டரிக் கதவும் கார்டுக் கதவும் முழுதாக மூடியிருக்க வேண்டும். பல மாடல்களில் கதவு ஒரு மயிரிழை திறந்திருந்தாலும் கேமரா ஓடாது.

சில நேரம் கேமரா தூங்கிக்கொண்டுதான் இருக்கும். முப்பது விநாடியோ ஒரு நிமிடமோ தொடாமல் இருந்தால் தானே அணைந்துகொள்ளும் அமைப்பு அது. ஷட்டர் பட்டனை லேசாக அழுத்தினால் விழித்துக்கொள்ளும்.

டூப்ளிகேட் பேட்டரி வேலை செய்யும். ஆனால் மீதி எத்தனை சதவீதம் என்று காட்டுவதில் பொய் சொல்லும், நிறைந்திருப்பதாகக் காட்டிக்கொண்டே அணையும். சந்தேகம் வந்தால் ஒரிஜினல் பேட்டரியைப் போட்டுச் சோதித்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். பேட்டரி உப்பிப்போய் வெளியே வர மறுத்தால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதீர்கள். அது லித்தியம், குத்தினால் தீப்பிடிக்கும். அதை மட்டும் கடையில்தான் எடுக்கவேண்டும். டிசம்பரில் கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். உபரி பேட்டரியைச் சட்டைப் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி, நேரம் கேட்கிறதா? கடிகாரத்துக்கென்று உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது. சில பழைய மாடல்களில் அது காசு வடிவில் தனியாக இருக்கும், நீங்களே மாற்றலாம். புதியவற்றில் பெரிய பேட்டரியில் இருந்து தானே சார்ஜ் ஆகிக்கொள்ளும். நிறைந்த பேட்டரியைப் போட்டு ஓரிரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

3. மெமரி கார்டு

"கார்டு லாக்" என்று வந்தால், எஸ்டி கார்டின் இடது ஓரத்தில் இருக்கும் நெம்புகோலைப் பாருங்கள். உள்ளே போடும்போது விரல் பட்டு அது கீழே நகர்ந்திருக்கும். மேலே தள்ளினால் போதும்.

பழைய கேமராவில் புதிய கார்டு எடுக்காததற்கு வேறு காரணம் உண்டு. 2 ஜிபி வரை உள்ளவை வெறும் எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை உள்ளவை எஸ்டிஹெச்சி. 32 ஜிபியைத் தாண்டினால் எஸ்டிஎக்ஸ்சி. பார்க்க மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் பழைய கேமராக்களில் பல எஸ்டிஎக்ஸ்சியைப் படிக்காது. பதினைந்து வருடத்துக்கு முந்தைய கேமரா என்றால் 16 அல்லது 32 ஜிபி கார்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

புதுக் கார்டைக் கேமராவுக்குள்ளேயே ஃபார்மட் செய்யவேண்டும், கம்ப்யூட்டரில் வேண்டாம். படங்களை வேறு இடத்தில் இறக்கியபிறகுதான் செய்யவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஒருமுறை இறக்காமல் செய்தேன். அப்படி அழிந்தாலோ, "கார்டைப் படிக்க முடியவில்லை" என்று வந்தாலோ, அந்த நிமிடமே கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். மேலே ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபார்மட் செய்யவா என்று கேமரா கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தேடினால் பெரும்பாலான படங்கள் திரும்பக் கிடைக்கும். எனக்குக் கிடைத்தன. கோப்புகளின் பெயர் மட்டும் கன்னாபின்னாவென்று இருந்தது.

வீடியோ தானாக நின்றுபோனால் மூன்றில் ஒன்று காரணம். கார்டின் வேகம் போதாது: கார்டில் 10 என்று வட்டத்துக்குள் போட்டிருந்தால் விநாடிக்கு குறைந்தது 10 எம்பி எழுதும், யு3 என்றால் 30 எம்பி. 4கே எடுக்க யு3 வாங்குங்கள். இரண்டாவது, பல கேமராக்களில் ஒரு வீடியோ 29 நிமிடம் 59 விநாடியில் நிற்பது வடிவமைப்பிலேயே உள்ளது. மூன்றாவது சூடு. சித்திரை வெயிலில் கோயில் வாசலில் நின்று எடுத்தால் கேமராவும்தான் என்ன செய்யும்?

பாதி விலைக்கு விற்கும் 128 ஜிபி கார்டுகளில் போலி அதிகம். உள்ளே 8 ஜிபிதான் இருக்கும், வெளியே 128 என்று காட்டும். எட்டைத் தாண்டியதும் படங்கள் கெட்டுப்போகும். வாங்கிய அன்றே கார்டு முழுக்க வீடியோவை நிரப்பி, கடைசிக் கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும் வேலை. கடையில் மாற்றித் தரும் நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

4. லென்ஸ் தகராறு

கேமராவை அணைத்துவிட்டு லென்ஸைக் கழற்றுங்கள். கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், தூசி விழாது. லென்ஸின் பின்புறம் வரிசையாகத் தங்க நிறப் புள்ளிகள் இருக்கும். லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்வது அவற்றின் வழியாகத்தான். விரல் ரேகை படிந்திருந்தாலே பேச்சு நின்றுவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி 'க்ளிக்' சத்தம் வரும்வரை திருகுங்கள். கேனானில் "எரர் 01" என்று வருவது இந்தத் தகராறுதான். துடைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும். நிக்கானில் பழைய லென்ஸைப் போட்டு "எஃப்ஈஈ" என்று மின்னினால் வேறு விஷயம்: லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை மாற்றும் வளையத்தைக் கடைசி எண்ணுக்கு, அதாவது 16 அல்லது 22க்குத் திருப்பிப் பூட்டவேண்டும்.

ஃபோகஸ் மோட்டார் சத்தமே கேட்கவில்லையா? லென்ஸின் பக்கவாட்டில் ஏஎஃப் (தானாக ஃபோகஸ்), எம்எஃப் (கையால் ஃபோகஸ்) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். பையில் இருந்து எடுக்கும்போது எம்எஃப் பக்கம் போயிருக்கும். செகண்ட் ஹேண்ட் சந்தையில் புதியவர்கள் விழும் பள்ளம் இன்னொன்று உண்டு. நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத ஏஎஃப்-டி லென்ஸை மலிவாக வாங்கி அதில் மாட்டினால் படம் எடுக்கும், ஃபோகஸ் மட்டும் கையால்தான் செய்யவேண்டும். விற்றவர் ஏமாற்றவில்லை, லென்ஸும் கெடவில்லை. வாங்கும்முன் லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேமராவோடு சேர்ந்து வரும் சில கிட் லென்ஸ்கள் சுருங்கி மடங்கும். வளையத்தைத் திருகி விரிக்காதவரை படம் எடுக்காது, திரையில் எச்சரிக்கை மட்டும் வரும். பழைய மேனுவல் லென்ஸை அடாப்டர் வைத்து மிரர்லெஸ்ஸில் மாட்டினால், லென்ஸே இல்லை என்று நினைத்து ஷட்டர் ஓடாது. "லென்ஸ் இல்லாமல் ஷட்டர்" என்ற அமைப்பை மெனுவில் தேடி இயக்குங்கள்.

சட்டைப் பைக்குள் போகும் சின்னக் கேமராவில் லென்ஸ் பாதியில் நின்றுவிட்டால் பெரும்பாலும் மணல்தான், கடற்கரைக்குக் கொண்டுபோயிருப்பீர்கள். குழாயின் இடுக்கில் காற்று அடித்து, பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். கையால் இழுக்கவோ தள்ளவோ கூடாது, பல்சக்கரம் உடைந்துவிடும். அந்த வகைக் கேமராக்களில் பழுதுச் செலவு பெரும்பாலும் கேமராவின் விலையைத் தொட்டுவிடும்.

5. பட்டனை அழுத்தினாலும் படம் விழவில்லை

ஷட்டர் பட்டனுக்கு இரண்டு நிலை உண்டு. பாதி அழுத்தினால் ஃபோகஸ், முழுதும் அழுத்தினால் படம். ஃபோகஸ் பிடிபடாதவரை கேமரா படம் எடுக்க மறுப்பது வழக்கமான நடத்தை. வெற்றுச் சுவர், இருட்டு, கம்பிவலைக்குப் பின்னால் இருக்கும் பறவை எல்லாம் ஃபோகஸைக் குழப்பும். மிக அருகில் போய்விட்டாலும் பிடிபடாது. சாதாரண 18-55 கிட் லென்ஸுக்கு 25 சென்டிமீட்டராவது வேண்டும். இந்தத் தூரத்தை சென்சாரில் (கேமராவுக்குள் படத்தைப் பதியும் தகடு) இருந்து அளக்கவேண்டும், லென்ஸ் முனையில் இருந்து இல்லை.

தொடர்ச்சியாக எடுக்கும்போது நடுவில் நின்றால் கார்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கிறது. நிக்கானில் பாதி அழுத்தும்போது தெரியும் "ஆர்" எழுத்தும் எண்ணும் கேமராவின் தற்காலிக நினைவகத்தில் இன்னும் எத்தனை படத்துக்கு இடம் இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. அதை எரர் என்று நினைத்துப் பயந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

6. படம் மங்கல்

என் 590 ரூபாய் போனது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில், மங்கல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். வியூஃபைண்டரில் மங்கலாகத் தெரிந்து, எடுத்த படம் பின்திரையில் தெளிவாக இருந்தால் கேமராவில் குறை இல்லை. வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் டயாப்டர் என்ற சக்கரம் இருக்கும். அது கண்ணாடி பவருக்கு ஏற்பத் திருப்புவதற்கானது. காட்சியைப் பார்க்காமல், உள்ளே தெரியும் எண்களையும் கட்டங்களையும் பார்த்துக்கொண்டே, அவை கூர்மையாகும்வரை திருப்புங்கள். கண்ணாடி போட்டு எடுப்பீர்கள் என்றால் கண்ணாடியோடு, இல்லையென்றால் கழற்றிவிட்டு. நான் செய்த தப்பு இது: சக்கரம் திரும்பியது தெரியாமல், ஆட்டோ ஃபோகஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி எம்எஃப்புக்கு மாற்றி, மங்கலான வியூஃபைண்டரைப் பார்த்து நானே ஃபோகஸ் செய்தேன். அதனால் படங்களும் நிஜமாகவே மங்கின. கேமரா கெட்டதற்கு ஆதாரத்தை நானே தயாரித்துக் கொடுத்தேன்.

படத்திலேயே மங்கல் இருந்தால், அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். ஆள் மங்கி, பின்னால் இருக்கும் வாழைமரத் தோரணம் பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

கை ஆட்டத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸில் படிக்கும் மில்லிமீட்டர் எண்ணை 1.5 ஆல், கேனான் என்றால் 1.6 ஆல் பெருக்குங்கள். வரும் எண் ஷட்டர் வேகத்தின், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் விநாடிப் பின்னத்தின், கீழ் எண். 55 மில்லிமீட்டருக்கு 1/80 அல்லது 1/100, 250 மில்லிமீட்டருக்கு 1/400. இது சின்ன சென்சார் கேமராக்களுக்கான கணக்கு. லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருந்தால் இன்னும் மெதுவாகவும் போகலாம். ஆனால் ஓடும் குழந்தையை எந்தத் தடுப்பும் நிறுத்தாது, அதற்கு 1/500 வேண்டும். வெளிச்சம் போதவில்லை என்றால் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டும் உணர்திறன்) 1600, 3200 என்று ஏற்றுங்கள். கொஞ்சம் புள்ளி விழும், பரவாயில்லை. புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம், ஆடிய படத்தை என்ன செய்ய?

ஃபோகஸ் தவறினால், எந்த இடத்தில் ஃபோகஸ் செய்வது என்பதை கேமராவின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறீர்கள். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கண்ணில் வையுங்கள். சோதிக்க ஒரு வழி: நாளிதழைச் சுவரில் ஒட்டி, கேமராவை மேசைமேல் வைத்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். எழுத்துகள் தெளிவாக வந்தால் கேமரா நலம். இதே சோதனையில் தொடர்ந்து மங்கினால்தான் சர்வீஸ் பற்றி யோசிக்கவேண்டும்.

7. வெளிச்சமும் நிறமும்

எல்லாப் படமும் இருட்டாக வந்தால் கூட்டல், கழித்தல் போட்ட பட்டனைப் பாருங்கள். அது மைனஸ் 2ல் நிற்கும். எல்லாம் நீலமாக வந்தால், விளக்குக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸ் குண்டு பல்பு அமைப்பில் மாட்டியிருக்கும், ஆட்டோவுக்கு மாற்றுங்கள். மேல் டயல் எம்மில் (மேனுவல்) இருந்தால் எல்லாப் பொறுப்பும் உங்களுடையது. பழகும்வரை, வெளிச்சத்தைக் கேமராவே கணக்கிடும் பி (புரோகிராம்) போதும்.

கல்யாண மண்டபத்தில் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுகிறது, அல்லது பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது என்றால் சென்சார் போய்விட்டது என்று யாராவது பயமுறுத்துவார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவு எல்இடியும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50ல் வைத்தால் பெரும்பாலும் கோடு மறையும். மிரர்லெஸ்ஸில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து, மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். வீடியோவுக்கு மெனுவில் என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் நாடுகளின் முறை) இருந்தால், 50 ஹெர்ட்ஸுக்கான பிஏஎல் ஆக்கி, 25 ஃப்ரேம், 1/50 வையுங்கள். வெளிநாட்டில் வாங்கிய கேமராக்களில் இதை மாற்றாமல் விட்டிருப்பார்கள்.

ஃப்ளாஷ் போட்ட படத்தில் பாதி கறுப்பாக இருந்தால் ஷட்டர் வேகம் அதிகம். சாதாரண கேமராக்களில் 1/200ஐத் தாண்டாதீர்கள்.

எதைத் தொட்டோம் என்றே நினைவில்லை என்றால் மெனுவில் எல்லா அமைப்பையும் ரீசெட் செய்யும் வழி உண்டு. படங்கள் அழியாது. நியாயமாகப் பார்த்தால் இதை முதல் படியாகவே எழுதியிருக்கவேண்டும்.

8. புள்ளி, பூஞ்சை, ஈரம்

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் மங்கலான கறும்புள்ளி வந்தால் சென்சாரில் தூசி. துவாரத்தை எஃப்/16க்கு வைத்து வானத்தை எடுத்தால் எல்லாப் புள்ளியும் வெளியே வரும். கையால் அமுக்கிக் காற்று அடிக்கும் ரப்பர் ப்ளோயர் ஒன்று வாங்கி வையுங்கள், நான் 250 ரூபாய்க்கு வாங்கினேன். பேட்டரி நிறைந்திருக்கும்போது, மெனுவில் சென்சார் சுத்தம் செய்யும் முறைக்குப் போய், லென்ஸைக் கழற்றி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ப்ளோயரால் காற்று அடியுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும், பிறகு நிஜமாகவே செலவுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை பிடிக்கும். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும், செகண்ட் ஹேண்ட் வாங்கும்போதும் இப்படிப் பார்த்தே வாங்குங்கள். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மானி மூன்றும் போதும். 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருங்கள். தோல் உறை ஈரத்தை இழுக்கும், அதில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பீரோவில் புடவைகளுக்குப் பக்கத்தில் வைப்பவர்கள் கவனிக்கவும்: அந்துருண்டையும் கற்பூரமும் கேமராவுக்கு ஆகாது.

ஏசி அறையில் இருந்து வெளியே வந்ததும் கண்ணாடி பனிக்கிறதா? துடைக்காதீர்கள், லென்ஸைக் கழற்றாதீர்கள். வெளியே வருமுன் பைக்குள் மூடி, அரை மணி நேரம் கழித்து எடுங்கள். மழையில் நன்றாக நனைந்தால் பேட்டரியை உடனே எடுத்துவிட்டு, ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கவேண்டாம், தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும்.

9. இத்தனைக்கும் பிறகு சர்வீஸ் என்றால்

போகும் முன் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு? பழுது பார்க்கச் சம்மதித்தால் அது கழிக்கப்படுமா? என் மாடலுக்கு உதிரிபாகம் இருக்கிறதா? பழைய மாடலுக்குப் பாகம் இல்லை என்று பத்து நாள் கழித்துச் சொல்வார்கள், கட்டணம் மட்டும் திரும்பாது. நான் மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

கொண்டுபோகவேண்டியவை: பில் நகல், வாரண்டி கார்டு, அடையாள அட்டை நகல், கோளாறு தெரியும் நாலைந்து படங்கள் பென்டிரைவில். ஃபோகஸ் கோளாறு என்றால் லென்ஸையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். கொடுக்கக்கூடாதவை: மெமரி கார்டு, வார், ஃபில்டர், மூடி. இவை அங்கே தொலைந்தால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கேமராவை வாங்கும்போது அவர்கள் நிரப்பித் தரும் ஜாப் ஷீட்டில் "வேலை செய்யவில்லை" என்று ஒரு வரியில் எழுத விடாதீர்கள். "55 மில்லிமீட்டரில், ஒற்றைப் புள்ளியில், பத்துக்கு ஆறு படம் பின்னால் ஃபோகஸ் ஆகிறது" என்று எழுதச் சொல்லுங்கள். சீரியல் எண், ஏற்கெனவே இருக்கும் கீறல்கள் இரண்டும் அதில் ஏறவேண்டும். மதிப்பீட்டை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தில் வாங்கிய பிறகே சரி சொல்லுங்கள். அந்தத் தொகை, அதே மாடல் பழைய சந்தையில் போகும் விலையில் பாதியைத் தாண்டினால் நான் சரி சொல்லமாட்டேன்.

மாவட்டத் தலைநகரில் இருக்கும் பெரும்பாலான இடங்கள் வாங்கி அனுப்பும் இடங்கள்தான். போக வர மட்டும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், பாகம் வரவேண்டும் என்றால் மூன்று, நாலு வாரம். வீட்டில் விசேஷம் இருந்தால் அதற்கு முந்தைய மாதத்தில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இழுத்தடித்தாலோ, ஒத்துக்கொள்ளாத தொகையைக் கேட்டாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஜாப் ஷீட் எண்ணும் பில்லும் கையில் இருக்கும்போது கூப்பிடுங்கள்.

திரும்ப வாங்கும்போது உங்கள் கார்டையும் பேட்டரியையும் கொண்டுபோய், கவுன்டரில் நின்றே பத்துப் படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். சர்வீஸுக்கு எத்தனை மாத வாரண்டி என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். வெளியே வரும் முன் டயாப்டர் சக்கரத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சோதித்தவர் அதைத் தன் கண்ணுக்குத் திருப்பி வைத்திருப்பார்.